சிக்கனத்தை ஆண்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

சிக்கனமாக வாழலாம் என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் மாலை நேர டீ, வடையிலும் பிள்ளைகளின் ஐஸ்கிரீமிலும்தான். மூன்று மாதம் இப்படி வாயைக் கட்டிய பிறகு பாஸ்புக்கைப் பார்த்தால் இருப்பு பழைய இடத்திலேயே நிற்கும். பிறகு அலுப்பு வந்துவிடும். சம்பளக்காரர் வீட்டுக் கணக்கு மாதச் செலவினால் சரிவதைவிட, ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து மொத்தமாக வாரிக்கொண்டு போகும் செலவுகளினால் சரிவதே அதிகம். பள்ளிக் கட்டணம், தீபாவளி, மொய், குலதெய்வக் கோயில் பயணம், வண்டிக் காப்பீடு ஆகியவை எல்லாம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவைதாம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எதிர்பாராத செலவைப் போலவே அவற்றை எதிர்கொள்கிறோம். எனவே இந்த வழிகாட்டி டீக்கடைக்குப் போகாமல் ஆண்டுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

விளக்கத்திற்காக ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் வாடகை வீட்டில் இருக்கும் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கைக்கு வரும் மாத வருமானம் 45,000 ரூபாய். மூத்த மகள் இந்த ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள்.

இலக்கைத் தொகையாகவும் தேதியாகவும் எழுதுதல்

"மகள் படிப்புக்குச் சேர்க்க வேண்டும்" என்பது விருப்பம். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு குறைப்பது என்று கணக்கிட முடியாது. "மூன்று ஆண்டு கழித்து ஜூன் மாதத்தில், கல்லூரிச் சேர்க்கைக்கும் முதல் ஆண்டு விடுதிச் செலவுக்குமாக 2,50,000 ரூபாய்" என்று எழுதினால் அது இலக்கு. தொகையை முடிவு செய்வதற்கு முன், அரசு தரும் சலுகைகளில் எவை உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையென்றால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேருவோருக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவற்றையெல்லாம் விசாரிக்காமல் இலக்கை ஐந்து லட்சம் என்று பெரிதாக வைத்து, அது எட்டாது என்று தெரிந்ததும் முயற்சியையே கைவிடுபவர்கள் உண்டு. தேவையான தொகையைத் துல்லியமாகக் கண்டறிவதே சிக்கனத்தின் முதல் வேலை.

பன்னிரண்டு மாதப் பட்டியல்

ஒரு நாட்காட்டியை எடுத்துக்கொண்டு, சென்ற ஆண்டின் ஜூன் முதல் இந்த ஆண்டின் மே வரை ஒவ்வொரு மாதத்திலும் வழக்கத்துக்கு மேல் என்ன செலவு நடந்தது என்று எழுதுங்கள். நினைவில் இல்லாதவற்றை வங்கிக் கணக்கு அறிக்கையும் ஜிபே பதிவுகளும் நினைவூட்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினால்தான் பட்டியல் முழுமையாகும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் செய்த செலவுகளும் அங்கே வெளிவரும் என்பதால், பழைய கணக்கைக் கிளறிச் சண்டை போடுவதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மாதிரிக் குடும்பத்தில் அந்தப் பட்டியல் இப்படி வருகிறது: இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 42,000, தீபாவளி 18,000, பொங்கல் 5,000, மொய்யும் விசேஷங்களும் 24,000, குலதெய்வக் கோயில் பயணம் 8,000, வண்டிக் காப்பீடும் சர்வீஸும் 7,000, மருத்துவம் 10,000. ஆக மொத்தம் 1,14,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்திற்கு 9,500. வாடகை, மளிகை, பால், பெட்ரோல், டூவீலர் தவணை, நகை அடகு வட்டி என அவர்களுடைய வழக்கமான மாதச் செலவு 36,000. காகிதத்தில் மாதம் 9,000 மிஞ்சுவதாகத் தெரிந்தாலும், உண்மையில் மாதம் 500 ரூபாய் பற்றாக்குறையில்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூன் மாதத்தில் வளையல் அடகுக்கடைக்குப் போவதன் காரணம் இதுதான். ஊதாரித்தனம் என்று யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

பட்டியலைப் பார்த்ததும் எதைக் குறைக்கலாம் என்பது ஓரளவு தானாகவே தெரியும். தீபாவளிச் செலவை 18,000-லிருந்து 11,000-க்குக் கொண்டுவர, யாருக்கு என்ன துணி, எவ்வளவுக்கு என்று ஆடி மாதத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆடித் தள்ளுபடி, பட்டியலோடு கடைக்குப் போகிறவருக்கு லாபம்; பட்டியல் இல்லாமல் போகிறவருக்கு அது தீபாவளிக்கு முன்பே வரும் இன்னொரு தீபாவளி. குலதெய்வக் கோயிலுக்கு வாடகை வேன் பிடிக்காமல் பேருந்தில் போனால் 3,000 ரூபாய் குறையும். வயதானவர்கள் உடன் வருவதாக இருந்தால் இதை வற்புறுத்த வேண்டாம். அப்படியானால் உறவினர் இரண்டு குடும்பத்தோடு பேசி வேன் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

மொய் நோட்டை வாசித்தல்

சேமிப்பைப் பற்றிப் பேசும் ஆலோசகர்கள் பெரும்பாலும் தொடாத பகுதி இது. மதுரை, தேனிப் பக்கம் செய்முறை என்றும், மற்ற ஊர்களில் மொய் என்றும் வழங்கும் இந்த ஏற்பாட்டை வீண் செலவு என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. உங்கள் வீட்டு விசேஷத்தில் வாங்கிய தொகை, ஊர் பெயரும் தந்தை பெயரும் சேர்த்து உங்கள் நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது. கொடுத்தவர் நோட்டிலும் அது இருக்கிறது. அவர் வீட்டில் விசேஷம் வரும்போது அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்வது வழக்கம். எனவே கணக்கியல் நோக்கில் பார்த்தால் மொய் ஒரு கடன். தவணைத் தேதி மட்டும் நம் கையில் இல்லை. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி மாதத்தையொட்டி நடக்கும் மொய் விருந்துகளில் இந்தக் கடன் தன்மை வெளிப்படையாகவே தெரியும்: திருமணமோ காதுகுத்தோ இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே விருந்து வைத்து, வந்த பணத்தை நிலத்திலும் தொழிலிலும் படிப்பிலும் போட்டு, பல ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துகிறார்கள்.

இதிலிருந்து மூன்று நடைமுறை முடிவுகள் வருகின்றன. முதலாவதாக, பரணில் கிடக்கும் மொய் நோட்டை எடுத்து, இன்னும் திருப்பிச் செய்யாத பெயர்களையும் தொகைகளையும் தனித் தாளில் எழுதுங்கள். அவர்களில் யார் வீட்டில் கல்யாண வயதுப் பிள்ளைகளும் காதுகுத்து வயதுக் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் எவ்வளவு தேவைப்படும் என்பது ஓரளவு பிடிபடும். அடுத்து, திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யில் சிக்கனம் பார்க்காதீர்கள். அது கடன் பாக்கி, அதில் குறைத்தால் உறவும் போகும், பேரும் போகும். மாதிரிக் குடும்பம் 4,000 ரூபாயைக் குறைத்தது பாக்கி எதுவும் இல்லாத இடங்களில் மட்டும்: அலுவலக நண்பர்களின் வரவேற்புகளுக்குத் தனித்தனியாக வாங்கிய பரிசுப் பொருள்களை நிறுத்திவிட்டு, நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பரிசாகக் கொடுத்தார்கள். மூன்றாவது, உங்களுக்கு வரவேண்டிய மொய்யை இலக்குத் தொகையில் ஒருபோதும் சேர்த்து எண்ணாதீர்கள். அது வந்த நாளிலிருந்தே மறுபடியும் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமாகிவிடுகிறது.

இப்படியாக 7,000, 4,000, 3,000 என ஆண்டுச் செலவில் 14,000 ரூபாய் குறைந்து, மொத்தம் சரியாக ஒரு லட்சத்தில் நிற்கிறது. மாதத்திற்கு 8,333.

மாதச் செலவில் கை வைக்க வேண்டிய இடங்கள்

இங்கே ஒரே விதிதான்: ஒருமுறை முடிவெடுத்தால் மாதாமாதம் தானாகக் குறையும் செலவுகளை முதலில் பாருங்கள், தினமும் மனத்தைக் கட்டுப்படுத்தித்தான் குறைக்க முடியும் என்கிற செலவுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிக் குடும்பத்திற்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு டூவீலர் கடன் முடிந்தது. மாதம் 3,200 ரூபாய் போய்க்கொண்டிருந்த தவணை நின்றவுடன், அடுத்த மாதத் தேதியிலேயே அந்தத் தொகையைச் சேமிப்பாக மாற்றிவிட வேண்டும். இரண்டு மாதம் சும்மா விட்டால் அது வீட்டுச் செலவில் கரைந்து, அப்படி ஒரு தொகை இருந்ததே மறந்துபோகும். பெரும்பாலும் அந்த இடத்தில் புதிய கைப்பேசியின் தவணை வந்து உட்கார்ந்துவிடும்.

மின்கட்டணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறொன்றாக மாறிவிடும். 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விகிதம் கைநழுவிப் போவதுதான் காரணம். விகிதங்கள் அதன் பிறகு திருத்தப்பட்டுள்ளதால் உங்களுக்குரிய தற்போதைய அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, கணக்கெடுக்க வரும் நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாக மீட்டரைப் பார்த்து, எல்லையை நெருங்கியிருந்தால் ஏசியையும் கீசரையும் கொஞ்சம் கட்டுப்படுத்தினால் போதும். ஆண்டு முழுவதும் விளக்கை அணை, விசிறியை அணை என்று பிள்ளைகளிடம் கத்துவதைவிட இது பலன் தரும்.

மளிகையில் 1,200 ரூபாய் குறைவது கடினமன்று. அரிசி வகை குடும்ப அட்டை வைத்திருப்போர், கௌரவக் குறைச்சல் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம் பருப்பையும் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலையும் சர்க்கரையையும் மாதம் தவறாமல் வாங்கிவிட வேண்டும். நியாய விலைக் கடை அரிசி சாப்பாட்டுக்குப் பிடிக்காவிட்டாலும் இட்லி மாவுக்கு நன்றாகவே உதவும். காய்கறிக்கு, 1999-இல் மதுரையில் தொடங்கி இன்று மாநிலம் முழுவதும் இருக்கும் உழவர் சந்தைக்கு வாரம் ஒருமுறை காலையில் போய்வருவது, தெருமுனைக் கடையில் தினமும் வாங்குவதைவிட மலிவு. சந்தை வெகுதூரத்தில் இருந்தால் பெட்ரோல் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பெண்கள் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் கட்டணமின்றிப் போய்வர முடிகிறது. சூப்பர் மார்க்கெட்டில் பொட்டலத்தின் முன்பக்க விலையைப் பார்க்காமல், கிராமுக்கு அல்லது மில்லிலிட்டருக்கு இவ்வளவு என்று சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் அலகு விலையைப் பாருங்கள். பெரிய பொட்டலம்தான் எப்போதும் மலிவு என்பது உண்மையில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வரவழைக்கும் உணவை மாதம் இரண்டு முறை என்று வரையறுத்ததில் 1,000 ரூபாயும், யாரும் பார்க்காத ஓடிடி சந்தாவையும் தேவைக்கு மேற்பட்ட கைப்பேசித் திட்டத்தையும் மாற்றியதில் 400 ரூபாயும் குறைந்தன. மின்கட்டணத்தில் மாதக் கணக்குக்கு 150.

குறைக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் பால், முட்டை, பழம், பெரியவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், வண்டிக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு. மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. அதே மூலக்கூறு மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலையில் கிடைக்குமா என்று மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். குடும்பத் தலைவருக்கு ஆயுள் காப்பீடே இல்லையென்றால், ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடு தரும் பிரதமரின் ஜீவன் ஜோதித் திட்டத்திலும், 20 ரூபாயில் இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு தரும் சுரக்ஷா திட்டத்திலும் வங்கிக் கணக்கு வழியே உடனே சேர்ந்துவிடுங்கள். அது முழுப் பாதுகாப்பு ஆகாதுதான். ஆனாலும் ஒன்றுமில்லாமல் இருப்பதைவிட மேல்.

அடகு, வட்டி, தங்கம்

மாதிரிக் குடும்பத்தின் நகை 40,000 ரூபாய்க்கு இரண்டு வட்டியில் அடகுக்கடையில் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் சிறியதாகத் தோன்றும். ஆண்டுக்கு அது 24 சதவீதம், மாதம் 800 ரூபாய். ஆறரை சதவீதம் தரும் சேமிப்பில் பணத்தைப் போட்டுக்கொண்டே 24 சதவீத வட்டியைக் கட்டிவருவது சிக்கனமே ஆகாது. ஆகவே மிச்சமாகும் பணம் முதலில் நகையை மீட்கவே போக வேண்டும். கடன் பெரியதாக இருந்து மீட்க ஓராண்டுக்கு மேல் ஆகும் என்றால், வங்கி நகைக் கடனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அரசுடைமை வங்கிகளில் வட்டி ஏறத்தாழ ஒன்பது, பத்து சதவீதத்தில் முடிந்துவிடும். அடகுக்கடையிலிருந்து எடுத்தால்தான் வங்கியில் வைக்க முடியும் என்பதால், நெருங்கிய உறவினரிடம் ஒரு நாள் கைமாற்று தேவைப்படும். அன்று மாலையே திருப்பிக் கொடுக்கும் பணத்திற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருபவர்கள் இதைவிடவும் மோசமான நிலையில் இருக்கிறார்கள்: மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம்.

மீட்ட நகையை அவசர நிதியாகக் கருதலாம் என்பது என் கருத்து. ஆறு மாதச் செலவை ரொக்கமாக ஒதுக்கி வை என்ற அறிவுரை 45,000 ரூபாய் வருமானக் குடும்பத்திற்கு உடனே சாத்தியமில்லை. ஆனால் பீரோவில் இருக்கும் நாற்பது, ஐம்பதாயிரம் பெறுமானமுள்ள நகை, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அன்றே வங்கியில் வைத்துப் பணமாக்க உதவும்.

புதிதாக நகை வாங்கிச் சேர்ப்பது வேறு விஷயம். மூன்று ஆண்டில் ரொக்கமாகத் தேவைப்படும் தொகையை நகையாகச் சேர்த்தால், வாங்கும்போது செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜிஎஸ்டி எல்லாம் நம் தலையில் விழும். விற்கும்போது அவற்றில் ஒன்றும் திரும்பி வராது. பதினொரு மாத நகைச் சீட்டுக்கும் இது பொருந்தும். சேதாரத்தில் சலுகை கிடைப்பது உண்மையென்றாலும், முடிவில் கையில் வருவது நகைதான், கல்லூரிக்குக் கட்டும் பணமன்று. மகளின் கல்யாணத்திற்காக எப்படியும் நகை வாங்கப் போகிறவர்களுக்கு மட்டுமே அது பொருத்தம்.

மிச்சத்தை அன்றே நகர்த்துதல்

இப்போது கணக்கைச் சேர்த்துப் பார்க்கலாம். வழக்கமான மாதச் செலவு 36,000-லிருந்து, தவணை 3,200, மளிகை 1,200, வெளி உணவு 1,000, கைப்பேசியும் சந்தாவும் 400, மின்சாரம் 150 கழிந்து 30,050 ஆகிறது. ஆண்டுச் செலவுக்கான 8,333 ரூபாயையும் ஒதுக்கினால், மாதம் சுமார் 6,600 மிஞ்சும். ஜூனில் தொடங்கினால், முதல் ஆறு மாதங்களுக்கு இந்தத் தொகை நகையை மீட்கப் போகிறது. டிசம்பரிலிருந்து அடகு வட்டியும் நின்றுவிடுவதால் மாதம் 7,400 ரூபாய் கையில் இருக்கும்.

இதற்கு இரண்டு கணக்குகள் தேவை. சம்பளம் வரும் கணக்கு வீட்டுச் செலவுக்கு. இன்னொரு வங்கியில் ஜிபே, போன்பே எதுவும் இணைக்காத, ஏடிஎம் அட்டையைப் பீரோவில் பூட்டி வைத்த கணக்கு ஆண்டுச் செலவுக்கு. அதில் 8,333 ரூபாய் சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போய்ச் சேரும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று காத்திருந்தால் எதுவும் மிஞ்சாது. பள்ளிக் கட்டணமும் மொய்யும் இந்த இரண்டாம் கணக்கிலிருந்து மட்டுமே எடுக்கப்பட வேண்டும். தொடங்கும் மாதம் ஜூனாக இருந்தால் முதல் ஆண்டுக் கட்டணத்திற்கு இந்தக் கணக்கில் போதிய பணம் இருக்காது. பள்ளியில் இரண்டு, மூன்று தவணையாகக் கட்ட அனுமதி கேளுங்கள். பல பள்ளிகள் ஒப்புக்கொள்கின்றன.

இலக்குக்கான 7,400 ரூபாய், சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே 30 மாத ஆர்.டி.யில் (மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டும் தொடர் வைப்பில்) போகட்டும். அஞ்சலக ஆர்.டி. பாதுகாப்பானதுதான், ஆனால் அதன் காலம் ஐந்து ஆண்டு. மூன்று ஆண்டுக்குப் பிறகுதான் முன்கூட்டியே முடிக்கலாம், அப்போதும் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டியே கிடைக்கும் என்பதால் இந்த இலக்குக்குப் பொருந்தாது. உங்கள் வீட்டில் இளைய பிள்ளை பத்து வயதுக்குட்பட்ட பெண்ணாக இருந்தால், ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்தே கட்டக்கூடிய செல்வமகள் சேமிப்புத் திட்டக் கணக்கை அஞ்சலகத்தில் தனியாகத் தொடங்கி வைப்பது நல்லது; அது வேறொரு நீண்டகால இலக்குக்கு. வங்கியில் போடும் பணத்திற்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை வைப்புக் காப்பீடு 2020 பிப்ரவரி முதல் இருக்கிறது. பதிவு பெறாத ஏலச் சீட்டிலும், தெரிந்தவர் நடத்தும் தீபாவளிச் சீட்டிலும் அந்தக் காப்பீடு கிடையாது. படிப்புக்கான பணத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஆறரை சதவீத வட்டியில் மாதம் 7,400 ரூபாய் வீதம் 30 மாதம் கட்டினால் சுமார் 2,41,500 ரூபாய் வரும். இலக்குக்கு ஏறக்குறைய 8,500 குறைகிறது. இடையில் வரும் ஊதிய உயர்வில் அல்லது ஒரு தீபாவளி போனஸில் அதை ஈடுகட்டிவிடலாம், இல்லையென்றால் விடுதி முன்பணத்தில் கொஞ்சம் தவணை கேட்கலாம். டிசம்பரில் தொடங்கும் 30 மாத ஆர்.டி. ஜூன் முதல் வாரத்தில் முதிரும். சில தனியார் கல்லூரிகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு முன்பணம் கேட்பதால், இரண்டு வாரத்திற்குத் தேவைப்படும் சிறு தொகையை மட்டும் ஆண்டுச் செலவுக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டி, ஆர்.டி. முதிர்ந்ததும் அதே கணக்கில் திருப்பிப் போட்டுவிடுங்கள். ஏனெனில் அதே ஜூனில் இளையவனுக்கும் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.